எம்டன் இரவா, 1942 ஏப்ரலா?

சென்னையை வைத்து, ரகசியச் சங்கமும் பிசாசும் வரும் திகில் ரோல்பிளேயிங் கேம் (ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதையை ஆடும் விளையாட்டு) நடத்த இரண்டு காலங்கள் தோதானவை. ஒன்று 1914 செப்டம்பர் 22. இரவில் ஜெர்மன் கப்பல் எம்டன் வந்து சுடுகிறது, துறைமுகம் பக்கம் பர்மா ஆயில் கம்பெனி எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிகின்றன, ஊர் மூட்டை கட்டுகிறது. ரகசியச் சங்கத்துக்கும் பஞ்சமில்லை. 1911இல் மணியாச்சியில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன், நீலகண்ட பிரம்மச்சாரி இவர்களின் பாரத மாதா சங்கம் வழக்கில் சிதைந்துபோனது. தப்பிய ஒரு கிளை இங்கே பதுங்கியிருப்பதாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவர்கள் நிஜ மனிதர்கள், பிசாசை அழைக்கும் கூட்டமாக அவர்களைக் காட்ட எனக்கு மனசு வராது.

இன்னொன்று 1942 ஏப்ரல். கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் ஜப்பான் குண்டு போட்டாயிற்று, அடுத்தது நாம்தான் என்று சென்னையே காலியாகிறது, மிருகக்காட்சிசாலைச் சிங்கம் புலிகளைக்கூடச் சுட்டுவிட்டார்கள். விளையாட்டுக்கு இதுதான் அள்ளிக் கொடுக்கிறது: இருட்டடிப்பில் ஆளில்லாத ஜார்ஜ் டவுன் தெரு, பூட்டிய வீடு, உள்ளே மட்டும் விளக்கு. யார் உளவாளி, யார் வெறும் திருடன் என்று ஆடுகிறவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். சங்கத்தை முழுக்கக் கற்பனையாகவே உருவாக்கலாம், யார் பெயரும் கெடாது.

எம்டன் சுட்டது அரை மணி நேரம்தான், ஒரே அமர்வில் தீர்ந்துவிடும். மாதக்கணக்கில் ஆடுகிறவர்களுக்கு 1942தான் சரி.