உளவளத்துணைக்கு எந்தப் படி ஏறுவது? வன்னியில் இருக்கும் வழிகளை ஒப்பிட்டால்

"நித்திரை வருதில்லை, ஒரே யோசனை" என்று சொல்பவரை எங்கே அனுப்பலாம் என்று கேட்டால், வன்னியில் நாலு பேர் நாலு இடம் சொல்வார்கள். ஒருவர் ஆஸ்பத்திரி உளநலப் பிரிவு என்பார். இன்னொருவர் பிரதேச செயலகத்து (டி.எஸ். ஒபிஸ்) உளவளத்துணை உத்தியோகத்தர் என்பார். மூன்றாமவர் வீட்டுக்கே வரும் தொண்டு நிறுவனப் பிள்ளைகளைச் சொல்வார். இளசுகள் 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு அடிக்கச் சொல்லும். யாருடைய படிப்பு பெரிது என்று பார்த்து இவற்றைத் தரம் பிரிப்பதில் பயன் குறைவு. முதன்முதலாகப் போகிறவரின் மனதில் இருப்பது மூன்று கேள்விகள்தான்: என்னை ஆர் காணுவினம், என்னட்ட என்ன கேப்பினம், கேட்டதை எங்க எழுதுவினம்?

மூன்றாவதுதான் இங்கே பாரமானது. போர் முடிந்த 2009-இல் செட்டிகுளம் முகாம்களில் தொடங்கி, பதிவு, மறுபதிவு, வீட்டுத்திட்டப் படிவம், விசாரணை என்று பெயரையும் உறவையும் எழுதிக் கொடுத்தே களைத்த சனம் இது. பேனா மூடியைக் கழற்றி, "கடைசி நேரத்தில எங்க இருந்தனீங்கள்?" என்று தொடங்கினால், எதிரே இருப்பவர் பதில் சொல்வார், ஆனால் கதைக்க மாட்டார். அடுத்த கிழமை வரவும் மாட்டார். போருக்குப் பிறகு தடுப்பு முகாமில் இருந்து வந்தவர்களிடம் "புனர்வாழ்வு" என்ற சொல்லையே தவிர்ப்பது நல்லது. அவர்களுக்கு அது தடுத்து வைத்திருந்த காலத்தின் பெயர்.

ஆஸ்பத்திரியும் டி.எஸ். ஒபிசும்

ஆஸ்பத்திரியின் பலம் மருந்தும் பரிசோதனையும். கிளிநொச்சி, வவுனியா, மன்னார், மாஞ்சோலையில் இருக்கும் முல்லைத்தீவு என எந்த மாவட்ட வைத்தியசாலையிலும் கட்டணம் கிடையாது. களைப்பும் மனச்சோர்வும் தைரொயிட் குறைவாலோ இரத்தச்சோகையாலோ வந்திருந்தால் அதைப் பிடிக்கக்கூடிய இடமும் இதுதான்.

பலவீனம் காத்திருக்கும் வாங்கில் இருக்கிறது. உளநலப் பிரிவு என்ற பலகைக்குக் கீழே காலை எட்டு மணியிலிருந்து இருக்கும்போது, சீனி வருத்தக் கிளினிக்குக்கு வந்த ஊர்ச்சனம் கண்டால் பின்னேரத்துக்குள் "விசருக்கு மருந்தெடுக்கிறா" என்று கதை கிராமம் முழுக்கப் போய்விடும். இதற்கு ஒரு சுற்றுவழி உண்டு. முதலில் ஓ.பி.டி.யில் துண்டு போட்டு, நித்திரையின்மை, தலையிடி, நெஞ்சு இறுக்கம் என்று உள்ளதைச் சொல்லி, அங்கிருந்து அனுப்பச் சொல்லுங்கள். அது பொய்யில்லை. இங்கே மனப்பாரம் பெரும்பாலும் உடம்பு வழியாகத்தான் கதைக்கிறது. மல்லாவி, துணுக்காய்ச் சனத்துக்கு முல்லைத்தீவு நகரம் மாங்குளம், ஒட்டுசுட்டான் சுற்றிப் போகவேண்டிய தூரம். கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ போனால் பஸ்ஸும் லேசு, தெரிந்த முகமும் குறைவு.

மருந்து தந்தால் ஒரு விசயத்தைக் கட்டாயம் கேட்டு விளங்கிக்கொள்ள வேண்டும். மனச்சோர்வுக் குளிசை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு கிழமை செல்லும். குமட்டல், வாய் காய்தல், தலைப்பாரம் போன்ற தொந்தரவுகளோ முதல் கிழமையிலேயே வரும். இந்த இடைவெளிக்குள்தான் "எனக்கு ஒத்துவரேல்லை" என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த பிழை, சுகம் வந்ததும் நிறுத்துவது. சுகம் வந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டியிருக்கும். நிறுத்துவதாக இருந்தாலும் வைத்தியர் சொல்லும்படி படிப்படியாகத்தான்.

பிரதேச செயலகத்தின் நிலை நேரெதிர். மருந்து இல்லை, பலகைப் பயமும் இல்லை. அஸ்வெசும நிவாரணம், காணி, பிறப்புப் பதிவு என்று ஊரே ஏறி இறங்கும் படி அது. ஏன் போனாய் என்று ஒருவரும் கேட்கப் போவதில்லை. உத்தியோகத்தர் முக்கால் மணித்தியாலம் இருந்து கதைக்கவும் கூடும். வீட்டுக்குள் அடிதடி என்றால் பக்கத்து மேசையில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார், பிள்ளையின் பிரச்சினை என்றால் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார்.

அந்தப் பக்கத்து மேசைதான் சிக்கலும். பல இடங்களில் தனி அறை இல்லை, பலகைத் தட்டி ஒன்றுதான் மறைப்பு. அழுதால் முழு மண்டபத்துக்கும் கேட்கும். ஆகவே நேரே போகாமல் முதலில் போன் எடுத்து இரண்டு விசயம் கேளுங்கள்: எந்த நாள் வெளிக்களத்துக்குப் போகாமல் இருப்பார், தனியாக இருந்து கதைக்க இடம் உண்டா? சனம் நெருக்கும் நாளைத் தவிருங்கள். சொல்வது நிவாரணத்தையோ வீட்டுத்திட்டத்தையோ பாதிக்குமா என்ற பயம் இருந்தால் அதையும் முதல் நாளே வாய்விட்டுக் கேட்கலாம். நல்ல உத்தியோகத்தர் முகம் சுழிக்க மாட்டார். உயிருக்கு ஆபத்து, பிள்ளைக்குத் துன்புறுத்தல் ஆகிய இரண்டையும் தவிர மற்றது தன்னோடு நிற்கும் என்று அவர் கேட்காமலே சொல்லவேண்டும்.

எங்கள் தீர்ப்பு இது. சாப்பாடு, நித்திரை, வேலை ஒருமாதிரி ஓடுகிறது, மனம்தான் பாரம் என்றால் டி.எஸ். ஒபிசில் தொடங்கலாம். பல நாளாக நித்திரையே இல்லை, ஆளில்லாத இடத்தில் குரல் கேட்கிறது, சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறது, பிள்ளை பெற்ற சில கிழமைக்குள் தாய் தடுமாறுகிறாள் என்றால் நேரே ஆஸ்பத்திரிதான். குடியும் அப்படியே. ஒவ்வொரு நாளும் கசிப்பு எடுத்தவர் "இன்றையோட விட்டன்" என்று திடீரென்று நிறுத்தினால், ஆறு முதல் இருபத்து நாலு மணித்தியாலத்துக்குள் கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டாம் மூன்றாம் நாளில் ஆள் மாறாட்டமாகக் கதைக்கலாம். அதைப் பேச்சால் அடக்க முடியாது.

முதல் பத்து நிமிடம்

எந்தப் படி ஏறினாலும், இருப்பதா எழும்புவதா என்பது முதல் பத்து நிமிடத்தில் முடிவாகிவிடும். பார்க்க வேண்டிய அடையாளங்கள் சின்னச் சின்னவை.

கதிரை எங்கே கிடக்கிறது? வந்தவருக்குக் கதவு தெரியவேண்டும், முதுகுக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் இருக்கக்கூடாது. பங்கருக்குள் கிடந்தவருக்கும் தடுப்பில் இருந்தவருக்கும் பூட்டிய கதவு ஆறுதல் தராது. "கதவைச் சாத்தட்டோ, திறந்து கிடக்கட்டோ?" என்று கேட்பவருக்கு வேலை தெரியும். "கண்ணை மூடி மூச்சை இழுங்கோ" என்று எடுத்த எடுப்பில் சொல்பவர் அவசரப்படுகிறார். கண் மூடினால் சிலருக்குப் பழைய காட்சிதான் முன்னுக்கு வரும். கண்ணைத் திறந்தபடி, பாதம் இரண்டையும் நிலத்தில் ஊன்றி, அறைக்குள் தெரியும் ஐந்து பொருட்களின் பெயரைச் சொல்வதே முதல் நாளுக்குப் போதும்.

பேச்சு எப்படித் தொடங்குகிறது என்பது அடுத்தது. "வாங்கோம்மா, இருங்கோ. எந்த பஸ்ஸில வந்தனீங்கள்? முதல்ல தண்ணி குடியுங்கோ. எல்லாத்தையும் இண்டைக்கே சொல்ல வேணும் எண்டில்லை." இதில் கடைசி வசனம்தான் மருந்து. படிவம் நிரப்பத்தான் வேண்டும் என்றால் அதைக் கடைசி ஐந்து நிமிடத்துக்குத் தள்ளலாம். எழுதுவதை வந்தவரே பார்க்கக்கூடியதாகத் தாளைத் திருப்பி வைக்கலாம்.

கூட வந்த மாமியோ மனிசனோ எல்லாக் கேள்விக்கும் தானே பதில் சொன்னால், அவர்களோடு ஐந்து நிமிடம் கதைத்து மரியாதையாக வெளியே இருத்தத் தெரியாதவரிடம் இரண்டாம் தடவை போவது வீண்.

காணாமல் ஆக்கப்பட்டோரின் வீட்டார் விசயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் தொடங்கிய போராட்டத்தில் இருந்த தாய்மாரிடம் போய், "மறந்திட்டு இருக்கிற பிள்ளையளைப் பாருங்கோ" என்பவர் உளவளத்துணையாளர் இல்லை. திவசமும் செய்ய முடியாமல், வழி பார்ப்பதை விடவும் முடியாமல் இருப்பவரிடம், ஆள் இல்லை என்று ஒத்துக்கொள்ளச் சொல்வதோ பொட்டை அழிப்பது பற்றிக் கேட்பதோ துணையாளரின் வேலை அல்ல. படத்தைக் காட்டினால் வாங்கிப் பார்த்து, பெயரைக் கேட்டு, அந்தப் பெயரைச் சொல்லிக் கதைத்தால் போதும்.

வீட்டுக்கு வருபவர்கள்

பஸ் காசு இல்லாதவருக்கும், கால் இழந்தவருக்கும், வாசல் தாண்டவே மனம் வராதவருக்கும் இதைவிட நல்ல வழி இல்லை. குறை இரண்டு. நிறுவனத்தின் பெயர் எழுதிய வாகனம் ஒழுங்கைக்குள் வந்தால் நாய் குலைத்து முடிய முன்னமே அயல் முழுக்க வேலிக்கு வந்துவிடும். வாகனத்தைச் சந்தியில் விட்டு நடந்தோ சைக்கிளிலோ வரச் சொல்லலாம், அப்படிக் கேட்பது பிழையில்லை. மற்றது, திட்டக் காலம். ஆறு மாதம், ஒரு வருடம் என்று காசு முடிந்ததும், மனம் திறந்து பாதியில் நிற்கும்போது அந்தப் பிள்ளை வராமல் விடும். "உங்கட திட்டம் எப்ப முடியுது, பிறகு என்னை ஆரிட்டக் குடுப்பியள்?" என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

கோயிலையும் இதோடு சேர்த்துச் சிலர் கேட்பார்கள். வற்றாப்பளைக்கு நேர்வதும் மடுவுக்கு நடப்பதும் உளவளத்துணைக்குப் போட்டி அல்ல. நூல் கட்டியவர் குளிசையை நிறுத்தச் சொன்னால், பேய் விரட்ட அடித்தால், ஆயிரக்கணக்கில் காசு கேட்டால் மட்டும் எழும்பி வாருங்கள்.

போன்

1926 அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், இருபத்து நாலு மணித்தியாலமும் உண்டு. 1333 என்ற உளவளத்துணை இலக்கத்துக்குக் கட்டணம் இல்லை. எடுத்ததும் "தமிழ்" என்று சொல்லுங்கள். முகம் தெரியாது என்பது பெரிய வசதி. ஆனால் அடுத்த தடவை வேறு ஆள் எடுக்கலாம், கதையை முதலில் இருந்து சொல்ல வேண்டிவரும். அதனால் இதை ஒத்திகையாகப் பாவிப்பது கெட்டித்தனம். சொல்ல வராத சொல்லை ஒருதரம் இருட்டுக்குள் சொல்லிப் பழகிவிட்டால் நேரில் வாய் வரும். சிக்னல் நல்லாக இருக்கும் இடத்தையும், வீட்டில் ஆள் இல்லாத நேரத்தையும் முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

சாகும் எண்ணம் வந்த வீட்டில் போனுக்கு முதல் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. வயலுக்கு வாங்கி வைத்த கிருமிநாசினிப் போத்தல்களை அன்றைக்கே வேறு வீட்டுக்கு மாற்றவேண்டும். ஏற்கெனவே குடித்துவிட்டார் என்றால் 1990-க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், காசில்லை. வாந்தி எடுக்க வைக்காதீர்கள், போத்தலை லேபலோடு கொண்டுபோங்கள். பொலிஸ் கேஸ் ஆகும் என்று பயந்து மறைத்துச் சிலர் நேரம் போக்குகிறார்கள். தற்கொலை முயற்சி இலங்கையில் 1998-க்குப் பிறகு குற்றமே அல்ல.