வீடாக மாற்றிய பஸ்: டிக்கி கதவுக்கு எந்தச் சாவி வாங்கலாம்?

சாவி வாங்குமுன் பூட்டின் வாயைப் பாருங்கள். சதுரத் தண்டு துருத்திக்கொண்டிருந்தால் குழிவான சாவி வேண்டும். சதுரக் குழி இருந்தால் சதுரக் கம்பி முனைச் சாவி. முக்கோணத் தண்டுக்குத் தனிச் சாவி. தண்டின் அகலம் அளக்கும் வெர்னியர் கருவியை எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்து அளக்க வேண்டும். மூலைக்கு மூலை வைத்தால் 8 மி.மீ. தண்டு 11.3 என்று காட்டும், தவறான சாவிதான் கைக்கு வரும். 5/16 இன்ச் தண்டு 7.94 மி.மீ.; 8 மி.மீ. சாவி அதில் நன்றாக உட்காரும். 1/4 இன்ச் தண்டு 6.35 மி.மீ.; அதில் 7 மி.மீ. சாவி ஆடும். ஆடும் சாவி மூலைகளை மழுக்கிவிடும், பிறகு சரியான சாவியும் பிடிக்காது.

மின்பெட்டிகளுக்கான சிலுவை வடிவ நாலுமுனைச் சாவி மலிவு, பாக்கெட்டில் அடங்கும். ஆனால் பெரும்பாலும் துத்தநாக வார்ப்பு. இறுகிய பூட்டில் முனை விரியும். பூட்டு குழிக்குள் இருந்தால் பக்கக் கைகள் கதவில் இடித்துப் பாதிச் சுற்றிலேயே நின்றுவிடும். அவசரத்துக்கு ஒன்று இருக்கட்டும், அவ்வளவுதான்.

தினசரிப் புழக்கத்துக்கு இரும்பு டி-கைப்பிடிச் சாவியே சிறந்தது. தண்டு 100 முதல் 150 மி.மீ. நீளம் இருந்தால் கை கதவில் உரசாது. ராட்செட் செட் ஏற்கெனவே இருந்தால் எட்டுமுனை சாக்கெட் சதுரத்தைப் பிடிக்கும், ஆறுமுனை பிடிக்காது. பேட்டரி டிரில்லை மட்டும் மாட்டவே கூடாது. கொண்டி எல்லையைத் தொட்டதும் அதன் திருகோ உள்கம்பியோ முறுகிவிடும்.

சாவி சரியாக இருந்தும் திரும்பவில்லை என்றால், பெரும்பாலும் காரணம் கதவு ஓரத்து ரப்பர் பட்டை, அதாவது பீடிங். புது பீடிங் கதவை வெளியே தள்ளுவதால் கொண்டி தான் மாட்டும் தகட்டில் இறுக அழுந்திக் கிடக்கும். பூட்டுக்கு அருகே உள்ளங்கையால் கதவை உள்ளே அழுத்தியபடி திருப்புங்கள், பலம் தேவைப்படாது. தினமும் அப்படி அழுத்த வேண்டியிருந்தால் தகட்டை 1 அல்லது 2 மி.மீ. வெளியே நகர்த்துங்கள். நடுப்பூட்டிலிருந்து இருபுறமும் கம்பி போகும் கதவில் ஒரு பக்கம் மட்டும் விடுபடவில்லை என்றால், அந்தப் பக்கக் கம்பியின் கிளிப் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள்.

கைப்பிடியே இல்லாத கதவை வெளியே இழுக்க கண்ணாடிக்காரர்கள் வைத்திருக்கும் உறிஞ்சு கப் உதவும். பரப்பைத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். உரியத் தொடங்கிய பெயின்ட் மேல் வேண்டாம், அதையும் சேர்த்துப் பிடுங்கிவிடும். ரப்பர் ஒட்டிக்கொண்டிருந்தால் பிளாஸ்டிக் ஆப்பைச் செருகிப் பிரியுங்கள். ஸ்குரூடிரைவர் கதவின் தகட்டை நெளிக்கும்.

மேலே தூக்கும் கதவை இறக்க, நுனியில் ரப்பர் போர்த்திய கொக்கிக் கழி போதும். கொக்கியைக் கதவின் விளிம்பில் மாட்டுங்கள், கதவைத் தூக்கிப் பிடிக்கும் கேஸ் ஸ்ட்ரட்டின் தண்டில் அல்ல. அந்தத் தண்டில் கீறல் விழுந்தால் உள்சீல் அறுந்து வாயு கசியும், தூக்கிய கதவு தலைமேல் இறங்கும். ஸ்ட்ரட் தளர்ந்திருந்தால் மாற்றும்வரை முட்டுக்கம்பி இல்லாமல் உள்ளே குனியாதீர்கள்.

பூட்டு வாய்க்கு கிராஃபைட் பொடி. எண்ணெய் தூசியைச் சேர்க்கும். பீடிங்குக்கு சிலிக்கான் கிரீஸ். பெட்ரோலியக் கிரீஸ் பட்டால் பல வகை ரப்பர் உப்பும். மாற்றுச் சாவியை டிரைவர் சீட் பக்கம் தொங்கவிடுங்கள், டிக்கிக்குள் வைக்காதீர்கள்.