ரெமிங்டன் 700-க்கு ஸ்டாக் மாத்தின கதை: ஹோக், பெல் அண்ட் கார்ல்சன், மேக்பல்

நான் இருக்கறது கனடால, எட்மன்டன் பக்கம். வேட்டைக்குன்னு இருக்கறது ஒரே துப்பாக்கி, ரெமிங்டன் 700 ஷார்ட் ஆக்‌ஷன் (குண்டை ஏத்திச் சுடற நடு இரும்புப் பகுதிக்குப் பேருதான் அது), .308 குண்டு. நவம்பர் மான் சீசனுக்கு எடுப்பேன், மத்த மாசம் எப்பவாச்சும் ரேஞ்சுக்குப் போவேன், அவ்ளோதான். போன வருஷம் ஸ்டாக் மாத்தினேன், அதாவது பேரலைத் தாங்கற, தோள்ல முட்டுக் குடுக்கற கட்டையை. அதுக்கு முன்னாடி மூணு மாசம் மண்டையைப் பிச்சுக்கிட்டேன், அதை எழுதி வெச்சா யாருக்காவது உதவும்.

மரமா சிந்தெடிக்கான்னு பஞ்சாயத்து பண்ணப் போறதில்லை. ஈரம் பட்டா மரம் முறுக்கும், அமெரிக்க மரீன் படையே வியட்நாம்ல பட்டுத்தான் அவங்க எம்40 ஸ்னைப்பர் துப்பாக்கிக்கு 70-கள்ல ஃபைபர்கிளாஸ் ஸ்டாக் போட்டாங்க (அந்த எம்40-யும் இதே 700 ஆக்‌ஷன்தான்). சரி, துப்பாக்கியோட வர்ற பிளாஸ்டிக் ஸ்டாக் போதாதான்னு கேட்டா, பொதுவா விலை கம்மியான மோல்டட் ஸ்டாக்ல முன்பக்கம் வளையும், பைபாட் (முன்னால மாட்டற ரெண்டு கால் தாங்கி) மேல சாய்ஞ்சு அழுத்தினா பேரலைத் தொடும், தொட்டா குண்டு போற இடம் மாறும். ஒரு அஞ்சு டாலர் நோட்டை பேரலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவுல விட்டு இழுத்துப் பாருங்க, தடையில்லாம ஆக்‌ஷன் வரைக்கும் போச்சுன்னா பிரச்சனை இல்லை.

நான் பார்த்தது மூணு. மொதல்ல ஹோக் ஓவர்மோல்டட். உள்ள ஃபைபர்கிளாஸ் கலந்த கூடு, மேல ரப்பர். நண்பர் ஒருத்தர்கிட்ட இருக்கு, ரெண்டு சீசன் வாங்கி சுட்டுப் பார்த்திருக்கேன். குளிர்ல கையில புடிக்கறதுக்கு இதை அடிச்சுக்க ஆளே இல்லை, முள்ளுச் செடில உரசினாலும் சத்தம் வராது. ரப்பர்னாலே தூசியும் புல்லு விதையும் ஒட்டும், அது பரவாயில்லை. இதுல ரெண்டு வகை இருக்கு, ஸ்க்ரூ போற இடத்துல மட்டும் பில்லர் (உலோகக் குழாய்) வெச்சது ஒண்ணு, துப்பாக்கி ஆடாம உட்கார முழு நீள அலுமினியம் பெட்டிங் பிளாக் வெச்சது ஒண்ணு. வாங்கறதா இருந்தா காசு கூடப் போனாலும் பிளாக் வெச்சதையே வாங்குங்க. பேரல் தடிமனைப் பார்த்து சரியான சேனல் (பேரல் உட்கார்ற பள்ளம்) ஆர்டர் பண்ணணும், மறந்துடாதீங்க.

அடுத்து பெல் அண்ட் கார்ல்சன் மெடலிஸ்ட், கேன்சஸ்ல டாட்ஜ் சிட்டில செய்யறாங்க. கையால அடுக்கடுக்கா வெச்சுச் செஞ்ச ஃபைபர், உள்ள அலுமினிய பிளாக். கடையில எடுத்துத் தோள்ல வெச்சுப் பார்த்தேன், கல்லு மாதிரி இருந்துச்சு. சுட்டுப் பார்த்ததில்லை, அதனால மேல பேசறது நியாயமில்லை. மெக்மில்லன்னு விலை கூடின ஸ்டாக் கம்பெனி ஒண்ணு இருக்கு, அந்தப் பக்கம் நான் போகவே இல்லை, அந்த விலைக்கு நல்ல ஸ்கோப்பே வாங்கிடலாம், ஆனா பழசா வித்தாலும் நல்ல விலை நிக்கும்னு சொல்றாங்க.

கடைசியா நான் வாங்கினது மேக்பல் ஹண்டர் 700. ஏன்னு கேட்டா ஒரே காரணம்தான், லென்த் ஆஃப் புல். ட்ரிகர்ல இருந்து பட் பேட் (தோள்ல முட்டற ரப்பர்) முனை வரைக்கும் உள்ள நீளம்.

இதை நானும் ரொம்ப நாள் கண்டுக்கல. செப்டம்பர்ல டி-ஷர்ட்டோட ரேஞ்சுக்குப் போய் ஜீரோ பண்ணுவேன் (ஸ்கோப் குறி வெச்ச இடத்துல குண்டு படற மாதிரி சரி பண்றது), எல்லாம் கச்சிதமா இருக்கும், வீட்டுக்கு வந்து டப்பால வெச்சுடுவேன். நவம்பர்ல மைனஸ் 22-ல உள்ளாடை, ஹூடி, அதுக்கு மேல பார்க்கான்னு தடி குளிர்க்கோட்டு, மூட்டை மாதிரி போய் நிக்கறப்பதான் தெரியும். ரெண்டு வருஷம் முன்னாடி அறுவடை முடிஞ்ச வயல் ஓரமா ஒரு மியூல் மான், 80 மீட்டர் இருக்கும், நல்லா பக்கவாட்டுல நிக்குது, நான் துப்பாக்கியைத் தூக்கறேன், பட் பேட் அக்குள்கிட்ட பார்க்கால சிக்கிக்கிச்சு, உதறி எடுத்துத் தோள்ல வெச்சா ஸ்கோப்புக்குள்ள சுத்தி கறுப்பு வளையம், கழுத்தை முன்னால நீட்டி சரி பண்றதுக்குள்ள அது வேலியைத் தாண்டிப் போயிருச்சு.

கணக்கு சிம்பிள்தான். உடுப்பும் ஸ்டாக்கோட நீளத்துல சேர்த்தி. ஒரு இஞ்ச் துணி கூடினா துப்பாக்கி ஒரு இஞ்ச் முன்னால போயிடும், ஸ்கோப்பும் அதோட போயிடும், கண்ணு மட்டும் பழைய இடத்துலயே நிக்கும். ஐ ரிலீஃபே (படம் முழுசாத் தெரிய ஸ்கோப்புக்கும் கண்ணுக்கும் இருக்க வேண்டிய தூரம்) மூணரை இஞ்சுதான், அது நாலரை ஆனா எப்படி முழுசாத் தெரியும்? சரின்னு குளிர் உடுப்புக்கு ஏத்த மாதிரி ஸ்கோப்பைப் பின்னால தள்ளி மாட்டினா, அடுத்த செப்டம்பர் டி-ஷர்ட்ல சுடறப்ப .308 புருவத்துல முத்திரை குத்தி அனுப்பும்.

ஹண்டர் 700-ல பட் பேடுக்கு முன்னால அரை இஞ்ச் ஸ்பேஸர் (நடுவுல வைக்கற துண்டு) போட்டு 13-ல இருந்து 15 இஞ்ச் வரைக்கும் மாத்திக்கலாம். நான் டி-ஷர்ட்டுக்கு 14, பார்க்காவுக்கு 13. ஸ்கோப்பைத் தொடவே வேண்டாம், ஏன்னா துணி கூடின அளவுக்கு ஸ்டாக் குறைஞ்சுடுது, கண்ணு அதே இடத்துக்கு வந்துடுது. ஆக்‌ஷன் ஸ்க்ரூவைக் கழட்டலைங்கறதால ஜீரோவும் மாறறதுக்குக் காரணமில்லை, இருந்தாலும் மனசு கேக்காம மூணு குண்டு சுட்டுப் பார்த்துப்பேன். நீளம் மாத்தற ஸ்டாக் புதுசு ஒண்ணும் இல்லை, 1988-ல அமெரிக்க ராணுவம் எடுத்த எம்24 ஸ்னைப்பர் துப்பாக்கில எச்.எஸ். பிரிசிஷன் கம்பெனி ஸ்டாக், அதுலயே இருந்துச்சு. வேட்டைக்காரன் கைக்கு இந்த விலைல வந்ததுதான் புதுசு.

மத்த ரெண்டும் நான் பார்த்த மாடல்ல நீளம் ஃபிக்ஸட். மேல மாட்டற ரப்பர் பேட் வாங்கி நீளத்தைக் கூட்டலாம், குறைக்கணும்னா அறுக்கணும். அறுத்த ஸ்டாக்கை அடுத்தவன் வாங்குவானா? என்னை மாதிரி அஞ்சடி அஞ்சு இஞ்ச் ஆளு வேணா வாங்கலாம்.

குறையும் சொல்லிடறேன். எடை மூணு பவுண்டு பக்கம், நாள் பூரா தோள்ல மாட்டி நடந்தா தெரியும், மலை ஏறி வேட்டையாடறவங்க வேற பாருங்க. கைப்புடி ஹோக் ரப்பர் மாதிரி இதமா இருக்காது, க்ளவுஸ் இல்லாம புடிச்சா பிளாஸ்டிக் பிளாஸ்டிக்தான். பார்க்கறதுக்கும் தாத்தா காலத்து வேட்டைத் துப்பாக்கி லட்சணம் போயிடும், என் மாமா பார்த்துட்டு "என்ன மாப்ள, ட்ரில் மெஷினா?"ன்னு கேட்டார். பத்து வருஷம் கழிச்சு பாலிமர் எப்படி இருக்கும்னு என்னால சொல்ல முடியாது, எனக்கு ஒரு சீசன்தான் ஆச்சு.

மாட்டறது அரை மணி நேர வேலை. உள்ள அலுமினிய பிளாக் இருக்கறதால எபாக்ஸி பெட்டிங் (இடைவெளியைப் பசை ஊத்தி நிரப்பறது) பண்ணல, ஸ்க்ரூ ரெண்டையும் 65 இஞ்ச்-பவுண்டுக்கு முறுக்கினேன். கண்ணளவுல முறுக்காதீங்க, முறுக்கற அளவைக் காட்டற டார்க் ரெஞ்ச் ஒண்ணு வாங்கிடுங்க. வாங்கறதுக்கு முன்னாடி உங்க 700 அடியில திறக்கற ஃப்ளோர்பிளேட் இருக்கற ரகமான்னு பாருங்க, அடி மூடின ஏடிஎல் ரகம்னா பாட்டம் மெட்டலோ (அடியில வர்ற உலோகச் சட்டம்) மேகஸின் வெல்லோ (மேகஸின் செருகற கூடு) தனியா வாங்கணும், அந்தச் செலவையும் சேர்த்துத்தான் விலையை ஒப்பிடணும்.

எங்க பொண்ணுக்கு 13 வயசு, மைனர் லைசென்ஸ் வாங்கிட்டா. ஸ்பேஸர் எல்லாத்தையும் கழட்டி 13-ல வெச்சுக் குடுத்தேன், டி-ஷர்ட்ல அவளுக்குச் சரியா இருக்கு. பார்க்கா போட்டா அவளுக்கு அதுவும் நீளம்தான், அதுக்குக் கீழ இறங்க வழியில்லை. அதனால இந்த நவம்பர்ல அவ சுடறப்ப பார்க்காவைக் கழட்டி வாங்கிக்கிட்டு பக்கத்துல நிக்கறது என் வேலை.