4:20 என்றால் என்ன? ஒரு கொச்சைச் சொல் அகராதிச் செயலியின் மதிப்புரை

திருப்பூரில் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிப்பவராக, இருப்பவருக்கு அமெரிக்கக் கொச்சை வழக்கு ஓரளவாவது தெரிந்திருக்க வேண்டும். பையர், அதாவது சட்டைகளை வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்தார், அனுப்பிய ஆர்ட்வொர்க்கில் ஓர் இலையும் அதன் கீழே 4:20 என்ற எண்ணும் இருந்தால், அது ஆடை மாதிரியைக் குறிக்கும் ஸ்டைல் எண்ணா, அச்சில் வரவேண்டிய வாசகமா என்பது சாம்பிள் போடுவதற்கு முன்பே தெளிவாக வேண்டும். இதற்காக எங்கள் அலுவலகத்தில் சந்தா கட்டி வாங்கிய அகராதிச் செயலியை அந்த ஒரு வழக்கைக் கொண்டே இங்கு மதிப்பிடுகிறேன்.

பொருள் விளக்கத்தில் குறையில்லை. கஞ்சா புகைப்பதையும், அதற்குரிய மாலை நேரத்தையும், மாதத்தை முன்னால் எழுதும் அமெரிக்க முறையில் 4/20 என்று அமையும் ஏப்ரல் 20ஆம் தேதியையும் அந்த எண் குறிக்கிறது என்று செயலி தெளிவாகச் சொல்கிறது. நம் ஊரில் ஏமாற்றுக்காரரை 420 என்பது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் மோசடிப் பிரிவிலிருந்து வந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவு அதன் இடத்தைப் பிடித்துவிட்டபோதிலும் பேச்சு வழக்கு மாறவில்லை. இவ்விரண்டையும் கலக்காமல் தனித்தனிப் பதிவுகளாகக் கொடுத்திருப்பதை மனமாரப் பாராட்டுகிறேன்.

உச்சரிப்பில்தான் செயலி சறுக்குகிறது. ஒலிக்குறியைத் தொட்டால் இயந்திரக் குரல் 'ஃபோர் ஹண்ட்ரட் அண்ட் ட்வென்டி' என்று முழு எண்ணாக வாசிக்கிறது. கஞ்சா வழக்கில் எவரும் அப்படிச் சொல்வதில்லை. மணி சொல்வதைப்போல 'ஃபோர் ட்வென்டி' என்பதே வழக்கு, அமெரிக்கர் பலரது வாயில் கடைசி டகரம் மறைந்து 'ட்வெனி' என்றே கேட்கும். வீடியோ காலில் பையரிடம் பேசவேண்டிய புதிய பணியாளர் செயலியின் குரலை நம்பினால், எதிரிலிருப்பவருக்கு அது வெறும் எண்ணிக்கையாகவே படும்.

சொல் பிறந்த கதையும் பிழையாக இருக்கிறது. கலிஃபோர்னியா காவல்துறையின் குறியீடு என்ற பழைய வதந்தியைச் செயலி அப்படியே திருப்பிச் சொல்கிறது. உண்மையில், 1971இல் கலிஃபோர்னியாவின் சான் ரஃபேல் உயர்நிலைப் பள்ளியில் படித்த, 'வால்டோஸ்' என்று தங்களை அழைத்துக்கொண்ட மாணவர்கள், கைவிடப்பட்ட கஞ்சாப் பயிர் ஒன்றைத் தேடிப் போவதற்காக லூயி பாஸ்டர் சிலையருகே கூடிய மாலை 4:20 மணியே இவ்வழக்கின் தொடக்கம். கிரேட்ஃபுல் டெட் இசைக்குழுவின் ரசிகர் வட்டத்தின் வழியே அது பரவி, 1991இல் கஞ்சா பற்றிய 'ஹை டைம்ஸ்' இதழிலும் இடம்பெற்றது.

சட்டத்தைப் பற்றிச் செயலியில் ஒரு வரிகூட இல்லை என்பது என்னை உண்மையிலேயே வருத்துகிறது. ஏற்றுமதியில் மிஞ்சும் சட்டைகள் திருப்பூர் காதர்பேட்டைக் கடைகளுக்கு வந்து, அங்கிருந்து நம் பிள்ளைகளின் உடம்பில் ஏறுகின்றன. கலிஃபோர்னியாவில் வயதுவந்தோருக்கு அனுமதிக்கப்பட்டுள்ள கஞ்சா, இங்கே 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி குற்றம் என்பதை அகராதி சொல்லியிருக்க வேண்டும்.

பொருள் மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். ஒலிப்பதிவையும் சொல் வரலாற்றையும் திருத்தும்படி நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறேன். அவை திருந்தும்வரை, பேச்சுப் பயிற்சிக்காக இதற்குச் சந்தா கட்ட வேண்டாம்.