குஸ்கோவா, குவெங்காவா? இன்கா மண்ணில் இரண்டு வழிகள்

தென் அமெரிக்காவின் இன்காப் பேரரசு என்றதும் எல்லோருக்கும் மச்சு பிச்சு என்ற மலைநகரத்தின் அந்த ஒரே படம்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஸ்பானியர் வந்த காலத்தில் இன்காக்களின் ஆட்சி இன்றைய கொலம்பியாவின் தென்கோடியில் தொடங்கி, ஈக்குவடார், பெரு, பொலிவியா வழியாகச் சிலியின் நடுப்பகுதி வரை நீண்டிருந்தது. அத்தனையையும் ஒரே விடுமுறையில் பார்க்க முடியாது. பழைய நகரமும் வேண்டும், மலையும் ஏரியும் வேண்டும், கையில் இருப்பது இரண்டு வாரம் என்றால் போட்டி இரண்டு வழிகளுக்கு நடுவில்தான். ஒன்று, தெற்குப் பெருவில் குஸ்கோ, புனிதப் பள்ளத்தாக்கு, மச்சு பிச்சு, அரெகிப்பா. மற்றது, ஈக்குவடார் மலைப்பகுதியில் குயிட்டோ, கோட்டோபாக்ஸி எரிமலை, குவெங்கா. பொலிவியாவுக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் கல். இதில் பெருவுக்குப் போட்டியே கிடையாது. குஸ்கோவின் ஆதுன் ரூமியோக் என்ற சந்தில் நடந்தால், இடுப்புயரம் தொடங்கித் தலைக்கு மேல் வரை பச்சை கலந்த சாம்பல் நிறக் கற்சுவர் நிற்கிறது. இன்று பேராயர் மாளிகை, அன்று ஓர் இன்கா அரசரின் அரண்மனை. அதில் ஒரு கல்லுக்குப் பன்னிரண்டு மூலைகள். சுண்ணாம்பு இல்லை, காரை இல்லை. ஒவ்வொரு மூலைக்கும் ஏற்றபடி பக்கத்துக் கல்லைச் செதுக்கி உட்கார வைத்திருக்கிறார்கள். இடுக்கில் கத்தி முனைகூட நுழையாது. 2025 பிப்ரவரியில் ஒருவர் இந்தக் கல்லை அடித்துச் சில இடங்களில் சில்லு பெயர்த்துவிட்டார். அப்புறம் என்ன, இப்போது தொட நினைத்தாலே அதட்டல்தான்.

கோரிகாஞ்சா என்ற சூரியக் கோவில் இன்னும் ஒரு படி மேல். அதன் சுவர்கள் மேலேயே ஸ்பானியர் சாந்தோ தோமிங்கோ மடாலயத்தைக் கட்டினார்கள். 1950 நிலநடுக்கத்தில் மடாலயத்தின் பெரும்பகுதி சரிந்தது, அடியில் இருந்த இன்காச் சுவர் நின்றது. சுவர் லேசாக உட்பக்கம் சாய்ந்திருப்பதும், வாசலும் மாடமும் மேலே குறுகிக்கொண்டே போவதும் அழகுக்காக மட்டும் இல்லை என்பது அங்கே நின்று பார்த்தால் புரியும். ஊருக்கு மேலே சக்ஸாய்வாமான் கோட்டையில் நூறு டன்னைத் தாண்டும் பாறைகள் உண்டு. தூக்க முடிந்த கற்களையெல்லாம் ஸ்பானியர் வீடும் தேவாலயமும் கட்டக் கொண்டுபோய்விட்டார்கள். நாம் பார்ப்பது அவர்களால் அசைக்க முடியாத மிச்சம்.

ஈக்குவடாரில் இந்த அளவை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். இன்காக்கள் அங்கே வந்ததே 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். பேரரசர் வைனா காப்பாக் பிறந்தது இன்றைய குவெங்கா இருக்கும் தோமெபாம்பாவில் என்பார்கள். குஸ்கோவுக்கு ஈடாக எழுப்பிய அந்த நகரம், அவருடைய மகன்கள் வாஸ்காரும் அதவால்பாவும் போட்ட சண்டையிலேயே அழிந்தது. குயிட்டோவையோ, 1534இல் ஸ்பானியர் கைக்குப் போகக்கூடாது என்று இன்காத் தளபதி ருமிஞாவி தானே கொளுத்தினார். மிச்சமிருப்பதில் பெரியது குவெங்காவிலிருந்து இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் உள்ள இங்காபிர்கா. வழக்கமாக இன்காக் கட்டடம் நேர்கோடும் மூலையுமாக இருக்கும். இங்கே சூரியக் கோவில் நீள்வட்டம். அந்த இடம் இன்காக்களுக்கு முன்பே காஞாரி மக்களின் வழிபாட்டிடம். வென்றவரும் தோற்றவரும் ஒரே இடத்தைப் பங்கு போட்டது தெரிகிறது. அரைநாளில் பார்த்து முடித்துவிடலாம்.

ஆனால் நகரம் என்று வந்தால் கதை திரும்புகிறது. குஸ்கோவின் மையம் இன்று முழுக்கச் சுற்றுலாவை நம்பியே ஓடுகிறது. பெரிய சதுக்கத்தில் பத்தடிக்கு ஒருவர் மசாஜ் வேண்டுமா என்று கேட்பார், அல்பாக்கா குட்டியைத் தூக்கிக்கொண்டு படமெடுத்துக் காசு கேட்பவர் இன்னொரு பக்கம். குயிட்டோவின் பழைய நகரம் 1978இல் யுனெஸ்கோ வெளியிட்ட முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலிலேயே இடம்பெற்றது. இருந்தும் அங்கே சாமான் வாங்கவும் பூசைக்கும் வருகிற உள்ளூர்க்காரர் கூட்டத்தில்தான் நாமும் நடக்கிறோம். லா கொம்பானியா தேவாலயத்துக்குள் நுழைந்தால் கூரை முதல் தரை வரை தங்கத்தகடு. எனக்கு அது கொஞ்சம் திகட்டல். குவெங்கா அப்படியில்லை. நீல ஓடு வேய்ந்த பேராலயக் குவிமாடங்கள், ஆற்றங்கரையை ஒட்டிய வீடுகள், அருங்காட்சியகத்தின் பின்னால் பூமாபுங்கோ என்ற இன்கா இடிபாடு, அதன் படிக்கட்டு வயல்களுக்குக் கீழே பறவைக் கூடங்கள். சும்மா நடப்பதற்கென்றே ஒரு ஊர்.

பெருவிடம் இதற்கு ஒரு பதில் உண்டு: அரெகிப்பா. சில்லார் என்கிற வெள்ளை எரிமலைக் கல்லில் கட்டிய ஊர், பின்னால் 5,822 மீட்டர் மிஸ்தி எரிமலை. 1579இல் தொடங்கிய சாந்தா கத்தலினா மடம், சிவப்பும் நீலமுமாகச் சாயம் பூசிய தெருக்களோடு ஊருக்குள் ஒரு தனி ஊர். சிக்கல் தூரம்தான். குஸ்கோவிலிருந்து பேருந்தில் போனால் ஒரு இரவு முழுக்கப் போய்விடும்.

இயற்கைக்கும் இதே கணக்குத்தான். பெருவின் கோல்கா பள்ளத்தாக்கில் காலை வெயில் ஏறும்போது காண்டர் கழுகுகள் நம் காலுக்குக் கீழிருந்து மேலே எழும்பி வரும், பிரமாதமான காட்சி. அதற்கு அரெகிப்பாவிலிருந்து விடியுமுன் கிளம்பி மணிக்கணக்கில் வேனில் போக வேண்டும். ஈக்குவடாரில் எல்லாம் கைக்கெட்டும் தூரம். 5,897 மீட்டர் கோட்டோபாக்ஸி, தலைநகர் குயிட்டோவிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பும் தொலைவு. 6,263 மீட்டர் சிம்போராசோவின் உச்சி, எவரெஸ்ட் உச்சியைவிடப் பூமியின் மையத்திலிருந்து தூரம் அதிகம். நிலநடுக்கோட்டருகே பூமி புடைத்திருப்பதுதான் காரணம்.

எனக்குப் பிடித்தது குவெங்காவை ஒட்டிய காஹாஸ் தேசியப் பூங்கா. குவயாக்கில் என்ற கடலோர நகரத்துக்குப் போகும் பேருந்தில் ஏறி வழியில் இறங்கிக்கொள்ளலாம். இருநூறுக்கும் மேற்பட்ட ஏரிகள், மஞ்சள் புல்வெளி, நடுவில் பாலிலெபிஸ் மரக்கூட்டம். கிளைகள் முறுக்கிக்கொண்டு கிடக்கும். செம்பழுப்புப் பட்டை மெல்லிய காகிதம் மாதிரி அடுக்கடுக்காக உரிந்து காற்றில் படபடக்கும். 4,000 மீட்டர் உயரத்தில் காடு வளருமா என்று கேட்பவர் இதைப் பார்க்க வேண்டும். ஒரு குறை, மேகம். காஹாஸில் தூறல் திடீரென்று பிடித்துக்கொள்ளும். கோட்டோபாக்ஸி நாள் முழுக்க முகம் காட்டாமலும் இருந்துவிடும். குஸ்கோவில் மே முதல் செப்டம்பர் வரை வெயிலை ஓரளவு நம்பலாம், இரவுக் குளிர்தான் கடுமை.

மூச்சு விஷயத்தைப் பலர் கடைசியில்தான் யோசிக்கிறார்கள், முதலில் யோசிக்க வேண்டியது அதுதான். குஸ்கோ 3,400 மீட்டர், கிட்டத்தட்ட லடாக்கின் லே நகர உயரம். விமானத்தில் நேராக இறங்கினால் அன்றிரவே தலைவலி வர வாய்ப்பு அதிகம். என் யோசனை: விமான நிலையத்திலிருந்து அப்படியே 2,800 மீட்டரில் உள்ள ஒயாந்தாய்தாம்போவுக்கு இறங்கிவிடுங்கள். அங்கேயே ரயில் பிடித்து 2,430 மீட்டர் மச்சு பிச்சுவைப் பார்த்துவிட்டு, உடம்பு பழகியபின் குஸ்கோவுக்கு ஏறுங்கள். குயிட்டோ 2,850, குவெங்கா 2,550 என்பதால் ஈக்குவடார் இதில் இளகிய மனம் கொண்டது. வயதான அம்மா அப்பாவோடு போகிறவருக்கு இந்த ஒன்றே முடிவைத் தீர்மானிக்கலாம்.

அடுத்தது சீட்டு. மச்சு பிச்சுவில் ஒரு நாளைக்கு 4,500 பேர், கூட்டமான நாட்களில் 5,600 பேர் என்று வரம்பு. நேரமும் உள்ளே போகும் பாதையும் சீட்டிலேயே குறித்துவிடுவார்கள், எதைப் பார்க்க ஆசையோ அந்தப் பாதையைப் பார்த்து வாங்க வேண்டும். உள்ளே கழிப்பறை கிடையாது, வாசலிலேயே முடித்துக்கொள்ளுங்கள். நான்கு நாள் இன்கா நடைப்பாதைக்குச் சுமைதூக்குபவரையும் சேர்த்து நாளைக்கு 500 பேர்தான், பிப்ரவரியில் மூடிவிடுவார்கள். ஈக்குவடாரில் இந்தத் தலைவலி இல்லை, காலையில் எழுந்து வானத்தைப் பார்த்து முடிவு செய்யலாம். 2000 முதல் அங்கே அமெரிக்க டாலரே நாணயம் என்பதால் மாற்றும் வேலையும் இல்லை. ஆனால் பெரிய நோட்டுக்குச் சில்லறை கிடைக்காது.

பாதுகாப்பில் இருவருக்கும் கறை உண்டு. ஈக்குவடாரில் 2024 ஜனவரியில் போதைக் கும்பல்களுக்கு எதிராக அவசரநிலை வந்தது. வன்முறையின் பெரும்பங்கு குவயாக்கில் போன்ற கடலோரத்தில்தான், குவெங்கா பக்கம் ஒப்பீட்டில் அமைதி. பெருவில் 2023 ஜனவரியில் அரசியல் போராட்டத்தால் மச்சு பிச்சுவையே சில வாரம் மூடினார்கள். எங்கே போனாலும் ஓரிரு நாள் கையிருப்பு வைத்துக்கொள்வது நல்லது.

சைவர்களுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஈக்குவடாரின் லோக்ரோ என்ற உருளைக்கிழங்கு சீஸ் சூப், மேலே அவகாடோவோடு, ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் போதும். பெருவில் கீன்வா சூப்பும் சீஸோடு தரும் பெருமணிச் சோளமும். கேட்காமல் மட்டும் வாயில் வைக்காதீர்கள், காய்கறி சூப்பிலும் கோழிச்சாறு இருக்கும்.

சரி, எது? ஒரே முறைதான் போவேன் என்பவர் பெருவுக்குப் போகட்டும், கல்லுக்காக. மலையில் நடக்க ஆசை, வரிசையில் நிற்கப் பொறுமை இல்லை என்றால் ஈக்குவடார். இரண்டையும் இரண்டு வாரத்துக்குள் திணிக்க வேண்டாம்.

பொலிவியா பெருவின் நீட்சியாக, மூன்றாவது வாரம் கிடைத்தால் மட்டும். குஸ்கோவிலிருந்து பேருந்தில் பூனோ, 3,812 மீட்டரில் தித்திகாகா ஏரி, இன்காக்களின் தொன்மக் கதை தொடங்கும் சூரியத் தீவு, அப்புறம் 10,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டும் உயூனி உப்பு வெளி. உயூனி வானத்தைக் கண்ணாடியாகக் காட்டுவது ஜனவரி முதல் மார்ச் வரை. அப்போது குஸ்கோவில் நல்ல மழை. இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

மூன்றில் எதற்குப் போனாலும் இந்தியா திரும்பும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அது செல்லுபடியாகும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். டிக்கெட் போட்ட கையோடு அதையும் முடித்துவிடுங்கள்.