டெபாசிட் என்று சொல்லி இன்சூரன்ஸில் தள்ளிவிட்டார்கள்: அம்மாவின் பிஎஃப் பணம் 3,20,000 ரூபாய்

கை நடுங்கிக்கொண்டே எழுதுகிறேன். வீட்டில் அறுபது வயசு தாண்டிய அம்மா அப்பா இருப்பவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். என்ன செய்யணும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

அம்மா முக்கூடல்காரி. முப்பத்தைந்து வருஷம் பீடி சுற்றினாள். காய்ச்சல் அடித்தாலும் சொளவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். போன வருஷம் பிஎஃப் கணக்கு முடிந்து கைக்கு வந்தது 3,20,000 ரூபாய்.

அதை டெபாசிட் போட ஒரு தனியார் வங்கிக் கிளைக்குப் போனாள். எனக்குப் பாளையங்கோட்டையில் வேலை, லீவு கிடைக்கவில்லை, கூடப் போகவில்லை. மார்ச் மாசம். அவர்களுக்கு டார்கெட் முடிக்கிற மாசம் என்று இப்போதுதான் புரிகிறது. வரிசையில் நிற்கவிடாமல் ஒரு பையன் உள்ளே கூட்டிப்போய், ஃபேனுக்குக் கீழே உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்திருக்கிறான். "ஆச்சி, எங்க ஆச்சியும் பீடி சுத்தித்தான் என்னப் படிக்க வச்சா" என்றானாம். அது போதும் அம்மாவுக்கு. "சாதா டெபாசிட்ட விட இதுல வட்டி கூட ஆச்சி" என்று ஏழெட்டு இடத்தில் கையெழுத்து வாங்கினான். எல்லாம் இங்கிலீஷ். வட்டிக்கு வரி பிடிக்காமல் இருக்கக் கொடுக்கிற 15எச் ஃபாரமும் அதில் இருக்கிறது என்று அம்மா நினைத்துக்கொண்டாள். "ஆபீஸ்ல இருந்து போன் வரும், என்ன கேட்டாலும் ஆமான்னு சொல்லிருங்க" என்றும் சொல்லிக்கொடுத்திருக்கிறான். போன் வந்தது. ஆமா என்றாள். மறுவாரம் அவனுக்காக முறுக்கு சுட்டு எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

நேற்று தபாலில் ஒரு கடிதம். அடுத்த தவணை 3,20,000 ரூபாய் கட்டச் சொல்லி. டெபாசிட்டுக்கு ஏது தவணை? இன்சூரன்ஸ் பாலிசியாம். ஐந்து வருஷம், வருஷா வருஷம் 3,20,000 கட்டணுமாம்.

இன்று காலை அம்மாவையும் கூட்டிக்கொண்டு கிளைக்குப் போனேன். சண்டை போட்டுத்தான் விண்ணப்பத்தின் நகலை வாங்கினேன். அம்மாவின் வருஷ வருமானம் 9 லட்சம், தொழில் வியாபாரம் என்று எழுதியிருக்கிறது. மாசம் ஆயிரத்துச் சொச்சம் பென்ஷன் வாங்குகிறவளுக்கு! பாலிசி அனுப்பியதாகப் போட்டிருக்கும் ஈமெயில் யாருடையது என்றே தெரியவில்லை. அம்மாவிடம் இருப்பது பட்டன் போன்.

அந்தப் பையன் வேலையை விட்டுப் போய் ஏழு மாசம் ஆகிறதாம். மேனேஜர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "கையெழுத்து உங்க அம்மாதானே போட்டிருக்காங்க? கம்பெனிகிட்டப் பேசுங்க." கம்பெனி நம்பரில் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று நாற்பது நிமிஷம். கடைசியில் ஒரு பெண், "ஃப்ரீ லுக் டைம் முடிஞ்சிருச்சு மேடம். கன்ஃபர்மேஷன் கால்ல அவங்களே ஆமான்னு சொல்லியிருக்காங்க, பேங்க்ல கேளுங்க" என்றாள். ஃப்ரீ லுக் என்றால் பாலிசி வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க இருக்கும் அவகாசமாம். மறுபடி மேனேஜர். மூணு மணிக்கு வாங்க. மூணு மணிக்குப் போனால் மீட்டிங். இப்போதே நிறுத்தினால் பாதிப் பணம்கூடத் திரும்பாது என்கிறார்கள்.

இதே 3,20,000 ரூபாயைத் தபால் ஆபீஸில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 8.2 சதவீதத்துக்குப் போட்டிருந்தால் மூன்று மாசத்துக்கு ஒருமுறை 6,560 ரூபாய் வந்திருக்கும். மருந்துக்கும் வீட்டுச் செலவுக்கும் அம்மா யாரிடமும் கை நீட்ட வேண்டாம்.

கிளை வாசல் படியில் உட்கார்ந்து, "நான்தானே ஆமான்னு சொன்னேன், நான்தானே சொன்னேன்" என்று அம்மா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். பணத்தையும் எடுத்துக்கொண்டு அவளையே குற்றவாளி ஆக்கி அனுப்பிவிட்டார்கள். எனக்குத் தாங்கவில்லை.

சரி, செய்ய வேண்டியது. பெரியவர்களைத் தனியாக வங்கிக்கு அனுப்பாதீர்கள். டெபாசிட் போட்டால் டெபாசிட் ரசீதைக் கையில் வாங்காமல் வெளியே வராதீர்கள். "எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லுங்க" என்று எவன் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். பாலிசி கைக்கு வந்து 30 நாளைக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாம். அந்த நாள் போய்விட்டாலும் விடாதீர்கள். முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார். ஒரு மாசத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கிற ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் நம்பர் 155255. முதியோர் உதவிக்கு 14567.

இன்னும் நிறைய எழுத நினைத்தேன், முடியவில்லை. அம்மா மத்தியானத்திலிருந்து சாப்பிடவில்லை. புகார்க் கடிதமும் இன்றைக்கே எழுதியாகணும், காலையில் ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன்.