ஒரே ஹைரூல், இரண்டு செல்டா

நிண்டெண்டோவின் 'செல்டா' வீடியோ கேம் வரிசையில் 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' 2017 மார்ச்சில் வந்தது. அதன் நேரடித் தொடர்ச்சியான 'டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்' 2023 மே மாதம். இரண்டிலும் கதை நடக்கும் ஹைரூல் ராஜ்யத்தின் நிலப்பரப்பு ஏறக்குறைய ஒன்றே. அமெரிக்காவில் வெளியீட்டு விலை மட்டும் 60 டாலரிலிருந்து 70 ஆனது! பழைய வரைபடத்துக்கு இவ்வளவா என்று யாருக்கும் தோன்றும்.

ஆனால் அந்தப் பழைய நிலம்தான் இரண்டாவதின் பலம். மேலே வானத் தீவுகள், கீழே இருண்ட பாதாளம். பொருள்களைத் தூக்கி ஒட்டும் 'அல்ட்ராஹேண்ட்' சக்தியால் பலகை, சக்கரம், விசிறி என எதையும் ஒட்டி வண்டி செய்யலாம், பறக்கவும் விடலாம். குகைக்குள் நின்று 'அசென்ட்' என்ற சக்தியைப் போட்டால் கூரையைத் துளைத்து மலைமேல் தலைநீட்டலாம். முதலாவதில் மழையில் வழுக்கி வழுக்கி மலை ஏறியவருக்குத்தான் இதன் ருசி முழுதாகத் தெரியும்.

முதலாவதில் இருப்பது தனிமை: இடிபாடுகள், காற்று, அங்கங்கே சில பியானோ சுரங்கள். அந்த அமைதி தொடர்ச்சியில் குறைவு. எங்கு போனாலும் யாராவது வேலை வைத்திருப்பார்கள். ஆயுதம் உடைவது, சரி, இரண்டிலும் உண்டு. தொடர்ச்சியில் ஆயுதத்தோடு பொருளை இணைக்கும் 'ஃப்யூஸ்' சக்தி வந்தபின் கட்டையில் பாறையை ஒட்டிச் சமாளிக்கலாம்.

புதியவர்கள் 2017-லிருந்தே தொடங்கலாம். ஒன்றுக்குத்தான் நேரம் என்றால், என் ஓட்டு இரண்டாவதுக்கு.